வீடு நீங்கிய தங்கம், துறைமுகம் நீங்கிய தங்கம்: 1931 ஏற்றுமதியை வாசித்தல்

1931 செப்டம்பர் 21 அன்று பிரிட்டன் தங்கத் திட்டத்தைக் கைவிட்டதும், ஆண்டுதோறும் தங்கத்தை இறக்குமதி செய்துவந்த இந்தியா பெருமளவில் ஏற்றுமதி செய்யத் தொடங்கியது. 1931–32இல் மட்டும் நிகர ஏற்றுமதி 50 கோடி ரூபாயைத் தாண்டியது. இதைத் 'துயரத் தங்கம்' என்று வாசிப்பது நெடுநாள் வழக்கம்: விளைபொருள் விலை பாதியாக விழ, கிஸ்தி கட்ட வழியற்ற குடியானவர்கள் கழுத்தில் கிடந்ததைக் கழற்றினார்கள் என்பது. பின்னர் வந்த ஆய்வாளர் சிலர் இதை மறுத்து, தங்கத்தின் விலை ஏறியதால் லாபத்துக்கு விற்றார்கள் என்றனர். இரு தரப்பும் சாய்ந்து நிற்பது ஒரே சான்றின் மீது: கடல்வழி வணிகக் கணக்கு. அந்தக் கணக்கால் இந்த வழக்கைத் தீர்க்க முடியாது.

லாபக் கட்சியின் வலுவான வாதம் காலத்தைப் பற்றியது. விளைபொருள் விலை 1929 முதலே சரிந்துகொண்டிருந்தது. துயரமே காரணமென்றால் தங்கம் 1930இலேயே கப்பல் ஏறியிருக்க வேண்டாமா? கேள்வி சரி, முடிவு அவசரம். 1927ஆம் ஆண்டுச் சட்டம் தங்கத்துக்குத் தோலா 21 ரூபாய் 3 அணா 10 பை என விலை வகுத்திருந்தது. அந்த மட்டத்தில் ஏற்றுமதியால் பெரிதாக எதுவும் தேறாது. ஆகவே 1930இல் விற்ற நகை ஊருக்குள்ளேயே கைமாறி, கடன் கொடுத்தவரின் இரும்புப் பெட்டியில் அடங்கியிருக்கும். பாளம் பம்பாய்த் துறைமுகத்தைக் கடந்த நாளைத்தான் கணக்கு காட்டுகிறது. நகை வீட்டை விட்டு வெளியேறிய நாளை அல்ல.

இந்த இடைவெளியில்தான் எல்லாம் இருக்கிறது. பத்துப் பவுன் நகை ஒன்றை எடுத்துக்கொள்வோம். பவுன் 13 ரூபாய் 5 அணா 4 பை வீதம் அதன் மதிப்பு சுமார் 133 ரூபாய். 1930 ஜனவரியில் 100 ரூபாய்க்கு அடகு. வட்டி மாதம் 1 ரூபாய். 1931 ஆகஸ்டில் நகை மூழ்கினால், அசலும் வட்டியும் 119 போக மிஞ்சுவது 14 ரூபாய். அதுவும் அடகு பிடித்தவர் நாணயஸ்தராக இருந்தால். செப்டம்பரில் நிலை மாறியது: ரூபாய் பிரிட்டிஷ் நாணயமான ஸ்டெர்லிங்குடன் பிணைக்கப்பட்டிருந்தது, ஸ்டெர்லிங்கோ 4.86 டாலரிலிருந்து டிசம்பரில் 3.40க்கும் கீழே இறங்கியது. ஆக, தங்கம் ரூபாயில் ஏறத்தாழ 40 சதவீதம் உயர்ந்தது. அதே நகையை டிசம்பரில் மீட்டு விற்றிருந்தால், கடன் 123 போக 60 ரூபாய்க்கு மேல் கையில் நின்றிருக்கும். அதே வீடு, அதே வறுமை, நான்கு மாத வித்தியாசம்.

அடகுப் பதிவேடுகளை மாவட்டவாரியாகத் தொகுக்காமல், மூழ்கியது எவ்வளவு, மீண்டது எவ்வளவு என்று அறுதியிட்டுச் சொல்வது முறையல்ல. ஆனால் 1930களின் நடுவில் தோலா சுமார் 35 ரூபாய்க்கு வந்தபோது, தங்கம் மதிப்பைக் காத்தது என்பதில் ஐயமில்லை. காத்தது அதுவரை காத்திருக்க முடிந்தவர்களுக்கு. ஏற்றுமதியான தங்கம் சமஸ்தானங்களின் பழஞ்சேமிப்பு என்ற மறுப்பு ஒன்றுண்டு. அப்படியே இருந்தாலும் அடகுக்கடைக் கணக்கு மாறாது.

ஏற்றுமதியைத் தடைசெய்யும்படி இந்தியத் தொழிலதிபர்கள் கேட்டார்கள். பிரிட்டிஷ் இந்திய அரசின் நிதி உறுப்பினர் ஜார்ஜ் ஷுஸ்டர் இணங்கவில்லை. அவர் காத்தது ஸ்டெர்லிங்கின் நலனை என்ற தேசியவாதிகளின் குற்றச்சாட்டில் நியாயம் உண்டு. ஆனால் தடை வந்திருந்தால் உள்நாட்டு விலை உலக விலையோடு சேர்ந்து ஏறியிருக்காது. டிசம்பர் வரை எப்படியோ வட்டி கட்டித் தாக்குப்பிடித்த குடியானவருக்கு அந்த அறுபது ரூபாயும் கிடைத்திருக்காது.