புளூடூத் ஹெட்போன் இணையாக்கம்

புளூடூத் ஹெட்போன் இணையாக்கம் என்பது, ஒலியை அனுப்பும் கருவி ஒன்றும் (செல்பேசி, கணினி, தொலைக்காட்சி போன்றவை) கம்பியில்லா ஹெட்போன் ஒன்றும் ஒன்றையொன்று அறிந்துகொண்டு, தமக்குள் மட்டும் பயன்படும் மறைகுறிச் சாவி ஒன்றை உருவாக்கிச் சேமித்துக்கொள்ளும் செயற்பாடு ஆகும். ஒரு சோடிக் கருவிகளுக்கு இது ஒருமுறை நடைபெற்றால் போதும். அதன் பின்னர் ஹெட்போனை இயக்கும் ஒவ்வொரு முறையும் நடைபெறுவது இணைப்பு ஆகும். பேச்சு வழக்கில் இரண்டையுமே "கனெக்ட் பண்ணுவது" என்று கூறுவதால் இவை ஒன்றென்றே எண்ணப்படுகின்றன. ஆனால் கோளாறு நீக்குவதற்கு இந்த வேறுபாடே அடிப்படையாகும். பழுதாகிவிட்டது என்று ஒதுக்கப்படும் ஹெட்போன்கள் எல்லாம் பழுதானவை அல்ல. ஒரு பக்கத்தில் சாவி அழிந்து, மறுபக்கத்தில் பழைய சாவி எஞ்சியிருப்பதே பல வேளைகளில் காரணமாக இருக்கின்றது.

தோற்றம்

புளூடூத், சுவீடனின் லுண்ட் நகரில் எரிக்சன் நிறுவனம் 1994ஆம் ஆண்டில் தொடங்கிய ஆய்விலிருந்து வளர்ந்ததாகும். யாப் ஹார்ட்சன், சுவென் மாட்டிசன் ஆகிய பொறியாளர்கள் இதில் முதன்மைப் பங்காற்றினர். 1998இல் எரிக்சன், இன்டெல், நோக்கியா, ஐபிஎம், தோஷிபா ஆகிய ஐந்து நிறுவனங்கள் இணைந்து இதற்கான குழுமத்தை அமைத்தன. முதற்பதிப்பு 1999இல் வெளியானது. பத்தாம் நூற்றாண்டில் டென்மார்க்கை ஆண்ட ஹரால்டு என்னும் அரசனின் பட்டப்பெயரே இதற்குச் சூட்டப்பட்டது. சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் "நீலப்பல்" என்று வரும். தமிழில் புளூடூத் என்னும் ஒலிபெயர்ப்பே நிலைத்துவிட்டது.

இது 2402 முதல் 2480 மெகாஹெர்ட்ஸ் வரையான அலைவரிசையில் இயங்குகின்றது. இந்தியாவில் 2400 முதல் 2483.5 மெகாஹெர்ட்ஸ் வரையான பட்டையில் குறைந்த ஆற்றல் கருவிகளைப் பயன்படுத்த உரிமம் தேவையில்லை என்று 2005 சனவரி 28ஆம் நாளிட்ட நடுவண் அரசு விதிகள் அறிவித்தன. உரிமம் தேவையில்லை என்பதன் மறுபக்கம், பாதுகாப்பும் இல்லை என்பதாகும். இப்பட்டையில் வேறொரு கருவி இடையூறு செய்தால் அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதே. ஆகவே புளூடூத் தன்னைத் தானே காத்துக்கொள்ளும் வகையில் வடிவமைக்கப்பட்டுள்ளது. ஹெட்போன்களில் வழக்கமாக உள்ள மரபு முறைப் புளூடூத், 79 தடங்களுக்கிடையே நொடிக்கு 1600 முறை வரை தாவித் தாவி இயங்குகின்றது. 2003இல் வந்த 1.2 பதிப்பிலிருந்து, இரைச்சல் மிகுந்த தடங்களைக் கண்டு விலக்கிவிடவும் செய்கின்றது.

இணையாக்கம் நடைபெறும் முறை

ஒவ்வொரு புளூடூத் கருவிக்கும் 48 பிட் நீளமுள்ள முகவரி ஒன்று உண்டு. ஹெட்போனை "கண்டறியத்தக்க" நிலைக்குக் கொண்டுவரும்போது, தேடுகின்ற கருவிகளுக்கு அது தன் முகவரியையும் பெயரையும் தெரிவிக்கின்றது. செல்பேசியின் பட்டியலில் அப்பெயரைத் தேர்ந்தவுடன் இரண்டும் சேர்ந்து 128 பிட் சாவி ஒன்றைக் கணிக்கின்றன. இச்சாவி எதிர்க்கருவியின் முகவரியுடன் சேர்த்து இரு பக்கத்திலும் சேமிக்கப்படுகின்றது.

2007இல் வெளியான 2.1 பதிப்புக்கு முன்னர் 0000 அல்லது 1234 என்னும் எண்ணைத் தட்டச்சு செய்யவேண்டி இருந்தது. பழைய கார் ஒலிக்கருவிகளில் இதை இன்றும் காணலாம். 2.1 பதிப்பு எளிய இணையாக்க முறையைக் கொண்டுவந்தது. திரையோ விசைப்பலகையோ இல்லாத ஹெட்போன்களில் எண் எதுவும் கேட்கப்படுவதில்லை. இது வசதியானதே. ஆயினும் எதிரில் இருப்பது நம் கருவிதானா என்று உறுதி செய்ய வழியில்லாத முறையும் இதுவே. எனவே பேருந்து நிலையம் போன்ற நெரிசலான இடங்களில் இணையாக்கம் செய்வதைத் தவிர்த்து வீட்டிலேயே செய்துகொள்வது நல்லது.

கண்டறியத்தக்க நிலைக்குக் கொண்டுவரும் வழி நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். பொதுவாக, தலையில் அணிவதையும் கழுத்தில் மாட்டுவதையும் முதலில் அணைத்துவிட்டு, மின்பொத்தானை ஐந்து முதல் ஏழு நொடிகள் வரை விடாமல் அழுத்த வேண்டும். "பவர் ஆன்" என்ற குரல் கேட்டவுடன் கையை எடுத்துவிடுவது பலரும் செய்வது. "பேரிங்" என்ற குரல் வரும் வரை, அல்லது விளக்கு சிவப்பும் நீலமுமாக மாறி மாறி மின்னும் வரை அழுத்தியிருக்க வேண்டும். இயர்பட்ஸ் வகையில் பெட்டியின் மூடியைத் திறந்து வைத்து, பெட்டியில் உள்ள பொத்தானை அழுத்துவது வழக்கம்.

ஏற்கனவே இணையாக்கம் செய்த ஹெட்போனைச் சாதாரணமாக இயக்கினால் அது கண்டறியத்தக்க நிலைக்கு வராது. தனக்குத் தெரிந்த கருவியை நேரடியாக அழைக்கும். "புதுச் செல்பேசியின் பட்டியலில் பெயரே வரவில்லை" என்ற முறையீட்டுக்கு இதுவே முதற்காரணம். பழைய செல்பேசி வீட்டில் வேறொருவர் கையில் இருக்குமானால், ஹெட்போன் ஓசையின்றி அதனுடன் போய்ச் சேர்ந்துவிடும். அந்தச் செல்பேசியில் புளூடூத்தை அணைத்த பின்னர் முயல வேண்டும்.

சாவி பொருந்தாமை

பட்டியலில் பெயர் உள்ளது, அழுத்தினால் ஒரு கணம் இணைவதுபோல் காட்டி அறுந்துவிடுகின்றது என்றால், சாவி பொருந்தவில்லை என்று முதலில் ஐயுறலாம். செல்பேசியை முழுதும் அழித்து மீட்டமைத்தால் அதில் சாவி போய்விடும். ஹெட்போனில் பழையது இருக்கும். மறுதலையாகவும் நிகழும். ஹெட்போனின் நினைவகம் சிறியது. பல ஹெட்போன்கள் எட்டுக் கருவிகளை மட்டுமே நினைவில் வைக்கின்றன. ஒன்பதாவது வரும்போது பழையது ஒன்று அழிக்கப்படும். அழிக்கப்பட்டது அந்தச் செல்பேசிக்குத் தெரியாது.

இதன் தீர்வு இரு பக்கத்திலும் அழிப்பதாகும். செல்பேசியின் புளூடூத் அமைப்புகளில் அந்தப் பெயரை "மறந்துவிடு" என்னும் தெரிவின் மூலம் நீக்க வேண்டும். ஹெட்போனிலும் தொழிற்சாலை நிலைக்கு மீட்டமைக்க வேண்டும் (அதற்கான பொத்தான் சேர்க்கை கையேட்டில் இருக்கும், பொதுவாகப் பத்து நொடிக்கும் மேலான அழுத்தம்). பின்னர் புதிதாக இணையாக்கம் செய்ய வேண்டும். செல்பேசியில் மட்டும் அழித்துவிட்டு மீண்டும் மீண்டும் முயல்வது சில ஹெட்போன்களில் பயன் தருவதில்லை. புளூடூத்தை அணைத்து இயக்குவதால் மட்டும் சாவி மாறாது என்பதையும் நினைவிற்கொள்க.

ஒரே கணினியில் விண்டோஸ், லினக்ஸ் இரண்டையும் நிறுவியிருப்போர் சந்திக்கும் சிக்கல் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. விண்டோசில் இணையாக்கம் செய்த ஹெட்போனை லினக்சிலும் இணையாக்கம் செய்தால், மறுபடி விண்டோசுக்குத் திரும்பும்போது ஹெட்போன் இணைய மறுக்கும். கணினியின் புளூடூத் முகவரி இரண்டுக்கும் ஒன்றே. ஆகவே ஹெட்போன் அந்த முகவரிக்கான பழைய சாவியின் மேல் புதியதை எழுதிவிடுகின்றது. விண்டோஸ் பழைய சாவியையே காட்டிக்கொண்டிருக்கும். ஒரு முறைமையில் உள்ள சாவியை மற்றதற்குப் படியெடுத்து வைத்தால் இரண்டிலும் இயங்கும். ஹெட்போனின் மீது எந்தப் பிழையும் இல்லை.

இயர்பட்ஸில் ஒரு காது மட்டும் கேட்பது இதன் கிளைச்சிக்கல். இடமும் வலமும் கூடத் தமக்குள் ஓர் இணைப்பை வைத்துள்ளன. அது குலைந்தால் இரண்டும் தனித்தனிக் கருவிகளாகவே நடந்துகொள்ளும். செல்பேசியிலிருந்து நீக்கிவிட்டு, இரண்டையும் பெட்டியில் வைத்துச் சேர்த்தே மீட்டமைக்க வேண்டும். அதற்கு முன்னர், ஒன்றில் மின்னேற்றம் இல்லையா என்றும் பார்க்கவும். வியர்வையும் தூசியும் படிந்த மின்னேற்ற முனைகளைக் காய்ந்த பருத்தித் துணியால் துடைத்தாலே சரியாகிவிடும் நேர்வுகள் உண்டு.

விட்டு விட்டு ஒலித்தல்

முதலில் இது புளூடூத்தின் கோளாறுதானா என்று அறிய வேண்டும். செல்பேசிக் கோபுரத்தின் அலை குறைவாக எட்டும் ஊர்களில், இணையத்திலிருந்து வரும் பாடல் நின்று நின்று வருவதைக் கேட்டு ஹெட்போனைக் குறை கூறுவது இயல்பு. செல்பேசியின் நினைவகத்தில் ஏற்கனவே சேமித்துள்ள பாடல் ஒன்றை ஒலிக்கவிட்டுப் பார்க்கவும். அது தடையின்றி ஒலித்தால் குறை இணையத்தில் உள்ளது. திரையில் ஓடும் நேர எண்ணும் உதவும். இணையம் தடைப்படும்போது எண்ணும் நின்றுவிடும். புளூடூத் தடைப்படும்போது பெரும்பாலும் எண் ஓடிக்கொண்டே இருக்க, ஒலி மட்டும் அறுந்து அறுந்து வரும்.

புளூடூத்தே காரணம் என்றானபின், வீட்டுக்குள் முதலில் ஐயுறத்தக்கவை அதே பட்டையில் இயங்கும் வைஃபை, மைக்ரோவேவ் அடுப்பு ஆகியவை. வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுவது எளிய தீர்வு. கணினியில் யூஎஸ்பி 3.0 வன்தட்டும் அதன் வடமும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் இரைச்சலை எழுப்புகின்றன என்பதை இன்டெல் நிறுவனம் 2012இல் வெளியிட்ட ஆவணம் ஒன்றில் விளக்கியுள்ளது. புளூடூத் செருகியை வன்தட்டுக்கு அருகில் உள்ள துளையில் செருகாமல், சிறு நீட்டிப்பு வடம் மூலம் தள்ளி வைத்தால் வேறுபாடு தெரியும்.

கரிசல் வெளியில் உடல் மறைப்பு

வீட்டுக்குள் நன்கு ஒலிக்கும் ஹெட்போன், திறந்த வெளிக்குப் போனவுடன் அறுந்து அறுந்து ஒலிப்பது பலருக்கும் புதிராக உள்ளது. வெளியில் வைஃபையும் இல்லை, சுவரும் இல்லை. இன்னும் நன்றாக அல்லவா ஒலிக்க வேண்டும் என்று தோன்றும். உண்மையில் சுவர் இல்லாததே காரணம்.

இந்த அலைகளின் நீளம் ஏறக்குறைய 12 செ.மீ. நீர் மிகுந்த மனித உடல் இவற்றை உறிஞ்சிக்கொள்கின்றது. வலப்பக்கக் காற்சட்டைப் பையில் செல்பேசியும் இடக்காதில் ஒலியை முதலில் பெறும் இயர்பட்ஸும் இருந்தால் நடுவில் உடல் குறுக்கே நிற்கின்றது. அறைக்குள் இது பெரிதாகத் தெரிவதில்லை. சுவரிலும் கூரையிலும் பட்டுத் திரும்பும் அலைகள் சுற்று வழியாகக் காதை அடைகின்றன. அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி, பரளச்சி வரையான வானம் பார்த்த பூமியில், அறுவடை முடிந்த பருத்திக் காட்டின் நடுவே நிற்பவரைச் சுற்றி அலை பட்டுத் திரும்ப எதுவும் இல்லை. எஞ்சியிருப்பது நிலம் ஒன்றே. ஆகவே பத்து மீட்டர் எட்டும் என்று பெட்டியில் அச்சிட்ட கருவி, ஒரு மீட்டருக்குள்ளேயே தடுமாறுகின்றது.

இதற்குப் புதிய ஹெட்போன் வாங்கத் தேவையில்லை. செல்பேசியை இடுப்பு மடிப்பிலிருந்தோ பின்பையிலிருந்தோ எடுத்துச் சட்டைப்பையில் வைத்தால் காதுக்கும் அதற்கும் இடையில் உள்ள மறைப்பு பெருமளவு நீங்கும். பை மாற்ற இயலாதெனில் எந்தப் பக்கம் வைத்தால் நன்கு ஒலிக்கின்றது என்று இருபக்கமும் சோதித்துக்கொள்ளலாம். தலைமேல் வளைவாக அணியும் ஹெட்போனில் அலைவாங்கி பெரும்பாலும் ஒரு பக்கத்தில் மட்டுமே இருக்கும். அது எந்தப் பக்கம் என்பதை இச்சோதனையே காட்டிவிடும்.

இவ்வட்டாரத்தில் கவனிக்க வேண்டிய இன்னொன்று வெப்பம். லித்தியம் அயனி மின்கலங்களை 45 பாகை செல்சியசுக்கு மேல் மின்னேற்றம் செய்யக்கூடாது என்பது பொதுவான வரையறை. வெயிலில் நிறுத்திய இருசக்கர வண்டியின் பெட்டிக்குள் சித்திரை மாதத்தில் இந்த அளவை எளிதில் தாண்டும். அவ்வாறு வெந்த ஹெட்போன் மின்னேற மறுத்தால், நிழலில் ஆறவிட்டு மீண்டும் முயலவும். கைவிட்ட ஹெட்போனைக் குப்பையோடு சேர்த்து எரிப்பதும் ஆபத்தானது. உள்ளிருக்கும் மின்கலம் வெடிக்கக்கூடும்.

பேசும்போது ஒலித்தரம் குறைதல்

பாட்டு நன்றாக உள்ளது, இணையவழி வகுப்பில் சேர்ந்தவுடன் குரல் குழாய்க்குள் பேசுவதுபோல் ஆகிவிடுகின்றது என்பது கணினியில் அடிக்கடி எழும் முறையீடு. இது கோளாறன்று. மரபு முறைப் புளூடூத்தில் இசைக்கு ஒரு வழி, உரையாடலுக்கு இன்னொரு வழி. இசைக்கான வழி ஒருதிசைப் போக்குடையது. ஒலிவாங்கி தேவைப்பட்டவுடன் கருவி உரையாடல் வழிக்கு மாறுகின்றது. அதில் ஒலி நொடிக்கு 8000 அல்லது 16,000 மாதிரிகளாகக் குறைக்கப்படுகின்றது. கணினியின் ஒலி அமைப்புகளில் ஒலிவாங்கியாகக் கணினியில் உள்ளதையே தேர்ந்து, கேட்பதற்கு மட்டும் ஹெட்போனைத் தேர்ந்தால் தரம் மீளும். 2020இல் அறிவிக்கப்பட்ட எல்இ ஆடியோ என்னும் புதிய முறை இக்குறையை நீக்க வல்லது. எனினும் ஹெட்போன், கணினி இரண்டும் அதற்கு ஆதரவளிக்க வேண்டும்.

படத்தில் வாயசைவும் ஒலியும் பொருந்தாமை வேறொன்று. ஒலியைச் சுருக்கி, அனுப்பி, விரிப்பதற்கு நொடியில் பத்தில் ஒன்று முதல் கால் பங்கு வரை ஆகக்கூடும். காணொளிச் செயலிகள் பலவும் படத்தைத் தாமதித்து இதை ஈடுசெய்கின்றன. விளையாட்டுகளில் அது முடியாது. அங்கே கம்பியே சிறந்தது.

பாதுகாப்பு

2019இல் ஆய்வாளர்கள் வெளியிட்ட "நாப்" என்னும் தாக்குதல் முறை, மறையீட்டுச் சாவியின் வலுவை ஒரு பைட் அளவுக்குக் குறைக்கச் செய்ய முடியும் என்று காட்டியது. 2025இல் ஐரோகா நிறுவனச் சில்லுகளைக் கொண்ட ஹெட்போன்கள் பலவற்றில், இணையாக்கம் செய்யாமலேயே அருகிலிருந்து அணுகத்தக்க ஓட்டைகள் இருப்பது வெளியானது. இவற்றுக்கான திருத்தங்கள் செல்பேசியின் மேம்படுத்தல் வழியாகவும், ஹெட்போன் நிறுவனத்தின் செயலி வழியாகவும் வருகின்றன. செயலியே வெளியிடாத மலிவான பெயரிலி ஹெட்போன்களுக்கு இத்திருத்தம் வந்து சேர வழி இல்லை. ஹெட்போனைப் பிறருக்குக் கொடுப்பதாயின், மீட்டமைத்த பின்னரே கொடுக்கவும்.