தோல் நோய் ஆய்வும் கொடையின் காலக்கணக்கும்: யாழ்ப்பாணத்தை முன்வைத்து

யாழ்ப்பாணக் குடாநாட்டின் மருத்துவ வரலாறு பெரும்பாலும் கொடையின் வரலாறு. 1847இல் வந்த சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயில் வைத்தியம் செய்ததும், மருத்துவ நூல்களைத் தமிழாக்கியதும், தமிழ் மாணவருக்கு மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்ததும் அமெரிக்க மிஷனுக்குச் சந்தா கொடுத்தவர்களின் பணத்தில் நடந்தவை. அரசாங்க அதிபர் பேர்சிவல் டைக் காலத்தில் நகரின் முதல் வைத்தியசாலை எழுந்ததும் நன்கொடையால்தான். மூளாயில் 1930களில் ஊரவர் கூட்டுறவு முறையில் தமக்கென ஒரு வைத்தியசாலையை அமைத்துக்கொண்டனர். 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்த நடைபயணம் தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலைக்குப் பணம் திரட்டியது. இவ்வளவும் கட்டடமாக, கட்டிலாக, கருவியாக நிலைத்தன. ஆய்வுக்கென்று இதே அளவில் நிலைத்த கொடை எதுவும் இந்த வரிசையில் இல்லை. தோல் நோய்களில் இந்த இடைவெளி மற்ற நோய்களைவிட ஆழமானது. கொடையாளரின் தாராளம் குறைந்ததை விட, அவர்களின் காலக்கணக்கும் நோயின் காலக்கணக்கும் பொருந்தாததே இதற்கு முக்கிய காரணம் என்பது இக்கட்டுரையின் வாதம்.

தொழுநோயில் இதைத் தெளிவாகக் காணலாம். அதன் பக்டீரியா ஒருமுறை இரட்டிக்க ஏறத்தாழ இரண்டு வாரம் எடுக்கும். தொற்றிய பின் தேமல் போன்ற உணர்வற்ற படை தோன்றச் சராசரியாக ஐந்து ஆண்டுகள் செல்லும். இருபது ஆண்டுகள் சென்றதும் உண்டு. செயற்கை ஊடகத்தில் அது வளராது. 1960இல் எலியின் பாதத்தில் வளர்க்கும் முறை கண்டறியப்படும் வரை, ஒரு மருந்தை ஆய்வுகூடத்தில் சோதிக்கவே வழி இருக்கவில்லை. இப்படிப்பட்ட நோயை மூன்றாண்டுத் திட்ட நிதியில் ஆராய முற்பட்டால், கேள்விக்கு விடை வரும் முன்பே கணக்கு மூடப்பட்டுவிடும்.

நீண்டகாலப் பணம் கிடைத்த இடங்களில் நிலை வேறு. பிலிப்பைன்ஸில் சுகாதாரப் பணிப்பாளராக இருந்து குலியோன் தீவில் தொழுநோயாளர் குடியிருப்பை நிறுவிய விக்டர் ஹைசர் 1972இல் இறந்தார். அவர் விட்டுச்சென்ற சொத்து நியூயோர்க் சமுதாய அறக்கட்டளையின் பொறுப்பில் தொழுநோய் ஆய்வு நிதியாயிற்று. 2001இல் வெளியான தொழுநோய் பக்டீரியாவின் மரபணுத்தொகுதி வரைவுக்குப் பாஸ்டர் நிறுவனத்துக்கும் பிரித்தானியாவின் சாங்கர் நிலையத்துக்கும் துணைநின்ற நிதிகளுள் அதுவும் ஒன்று. வரையப்பட்ட இனம் தமிழ்நாட்டு நோயாளி ஒருவரிடமிருந்து பெறப்பட்டதால் அதற்கு ‘டிஎன்’ என்றே பெயர். அதில் இயங்கும் மரபணுக்கள் சுமார் 1,600. செயலிழந்த போலி மரபணுக்கள் 1,100க்கும் மேல். ஆய்வுகூடத்தில் அது ஏன் வளர மறுக்கிறது என்ற பழைய புதிருக்கு இந்தச் சிதைவு பெரிய அளவில் விளக்கம் தந்தது. நன்கொடையாளர் இறந்து கால் நூற்றாண்டுக்கும் மேல் கழித்து வந்த பலன் இது. திறப்புவிழாவுக்கு அவர் காத்திருந்திருக்க முடியாது.

கொடையின் மறுபக்கம் மருந்து விநியோகம். மூன்று மருந்துகளைச் சேர்த்துத் தரும் பன்மருந்துச் சிகிச்சை 1983இல் இலங்கைக்கு வந்தது. 1995 முதல் 1999 வரை உலகம் முழுவதற்கும் அதை இலவசமாக்க ஜப்பானின் நிப்பொன் அறக்கட்டளை 5 கோடி டொலர் கொடுத்தது. 2000 முதல் நோவார்ட்டிஸ் அப்பொறுப்பை ஏற்றது. எண்ணற்ற கைகால்களைக் காத்த கொடை என்பதில் ஐயமில்லை. ஆனால் அதனுடன் வந்த அளவுகோல் ஒரு மயக்கத்தை உண்டாக்கியது. பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவாகப் பதிவு நோயாளர் இருந்தால் நோய் ‘பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக’ நீங்கிவிட்டது என உலக சுகாதார நிறுவனம் வகுத்தது. இலங்கை 1995இல் அந்த வரம்புக்குக் கீழே இறங்கியது. பதிவேட்டில் இருப்பவர் சிகிச்சையில் இருப்பவர் மட்டுமே என்பதைக் கவனிக்க வேண்டும். முன்பு பல ஆண்டுகள் மாத்திரை உண்ணவேண்டியிருந்தவர் ஆறு மாதத்திலோ ஓராண்டிலோ சிகிச்சை முடித்து வெளியேறினால், தொற்று சிறிதும் குறையாமலே பதிவேடு சுருங்கிவிடும். புதிதாகக் கண்டறியப்படுவோர் தொகை அதன் பிறகும் நெடுங்காலம் ஆண்டுக்கு 1,500க்கும் 2,000க்கும் இடையிலேயே நின்றது. அவர்களுள் சிறுவர் ஏறத்தாழப் பத்தில் ஒருவர். சிறுவருக்கு வருவது, அண்மையில் தொற்று நடந்ததற்கான சாட்சி. எனினும் ‘நீங்கியது’ என்ற அறிவிப்பின் பின் பல நாடுகளில் கவனமும் பணமும் விலகின. ஆய்வு மிகத் தேவைப்பட்ட நேரம் அதுவே. வட மாகாணத்தில் இந்த ஆண்டுகள் போரின் ஆண்டுகளும் ஆகும். இடம்பெயர்ந்து முகாம்களில் நெருக்கி வாழ்ந்தவரிடையே நோயாளரின் தொடர்பாளர்களைத் தேடிச் செல்வது எளிய காரியமாக இருக்கவில்லை.

தொற்றை அறுக்கும் வழி குறித்த ஆய்வும் கொடையாலேயே முன்னேறியது. வங்காளதேசத்தின் வடமேற்கில் 21,000க்கு மேற்பட்ட தொடர்பாளர்களிடம் நடந்த சோதனையில் ஒரே ஒரு வேளை றிபாம்பிசின், முதல் இரண்டாண்டுகளில் நோய் தோன்றுவதை 57 சதவீதம் குறைத்தது. தொழுநோய்த் தொண்டு நிறுவனங்களே அதற்குப் பணம் கொடுத்தன. நடைமுறையில் அதைச் செய்துபார்த்த பன்னாட்டுத் திட்டத்தை நோவார்ட்டிஸ் அறக்கட்டளை தாங்கியது. இலங்கையும் அதில் பங்கேற்றது. மருந்து உற்பத்தி செய்யும் நிறுவனத்தின் அறக்கட்டளையே மருந்து சார்ந்த கேள்விகளுக்கு நிதியளிப்பதில் நலமுரண் எழலாம் என்பதை மறைக்கத் தேவையில்லை. இங்கு நிரூபிக்கப்பட்டது மலிவான பழைய மருந்து என்பது உண்மைதான். ஆயினும் எந்தக் கேள்வி கேட்கப்படாமல் போயிற்று என்பதை நிதியளித்தவரின் பட்டியல் சொல்லாது.

கேட்கப்படாத கேள்விக்கு லெயிஷ்மேனியாசிஸ் நல்ல எடுத்துக்காட்டு. இலங்கையில் உள்நாட்டில் தொற்றிய முதல் நோயாளி 1992இல் பதிவானார். பின்னர் வடக்கின் காடுகளில் கடமையாற்றிய படையினரிடையே பலர் கண்டறியப்பட்டனர். 2008இல் அறிவிக்கப்பட வேண்டிய நோய்களுள் அது சேர்க்கப்பட்டது. மணல் ஈ பரப்பும் அதே ‘டொனோவானி’ ஒட்டுண்ணி பீகாரில் மண்ணீரலைத் தாக்கி உயிரைக் குடிக்கிறது. இலங்கையில் பெரும்பாலும் தோலில் ஆறாப் புண்ணாக நின்றுவிடுகிறது. காலா அசார் எனப்படும் அந்த உள்ளுறுப்பு வடிவம் உயிர்க்கொல்லி என்பதால் உலகக் கொடையாளரின் கண் அதன்மேல் விழுந்தது. தோல் வடிவம் அமெரிக்க, பிரித்தானிய அரசுகளின் பொதுப்பண ஆய்வு மானியங்களை நம்பியே பெரிதும் நகர்ந்திருக்கிறது. கொல்லாத நோய், வெட்கப்பட்டு மறைக்கப்படும் நோய், தனக்கென வாதாடும் கூட்டமில்லாத நோய் என்ற மூன்று குறைகளும் தோல் நோய்களில் ஒருசேர அமைகின்றன. மேற்கு நாடுகளில் அரிய பிறவித் தோல் நோயான கொப்புளத் தோலுக்கு நோயாளரின் பெற்றோரே 1978இல் பிரித்தானியாவில் அமைப்புத் தொடங்கி ஆய்வை முன்தள்ளினர். இலங்கையின் தொழுநோய் வைத்தியசாலைகளான மாந்தீவிலும் ஹெந்தளையிலும் ஒதுக்கிவைக்கப்பட்டவர்களின் குடும்பங்கள் அப்படி ஒன்றுகூடும் நிலையில் இருக்கவில்லை.

யாழ்ப்பாணத்தவரின் கொடைமரபில் நீண்டகாலப் பணம் புதிதல்ல. கோயிலுக்கு எழுதிவைத்த வயலும் மடத்துக்கு எழுதிவைத்த வளவும் முதலைத் தொடாமல் வருவாயைச் செலவிடும் ஏற்பாடுகளே. புலம்பெயர்ந்த தமிழர் இதையே பல்கலைக்கழக வடிவில் செய்திருக்கின்றனர்: ஹாவார்ட் தமிழ் இருக்கைக்கு 60 இலட்சம் அமெரிக்க டொலர், ரொறன்ரோ பல்கலைக்கழக இருக்கைக்கு 30 இலட்சம் கனேடிய டொலர். ஹாவார்ட் முயற்சியைத் தொடக்கிய இருவரும் மருத்துவர்கள் என்பது இங்கு குறிப்பிடத்தக்கது. ரொறன்ரோ இருக்கையின் தொகையில் ஆண்டுக்கு 4 சதவீதம் எடுத்தாலும் 1,20,000 டொலர் கிடைக்கும்.

1978இல் தொடங்கிய யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடம், போதனா வைத்தியசாலையின் தோல் கிளினிக், கைதடியின் சித்த மருத்துவக் கல்வி ஆகிய மூன்றும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. அதே அளவில் ஓர் ஆய்வு நிதி அமைந்தால், அதன் வருவாயைக் கொண்டு இங்கு செய்யவேண்டிய பணிகள் கவர்ச்சியற்றவை: தொழுநோயாளரின் வீட்டாரைப் பத்தாண்டு தொடர்ந்து பார்க்கும் பதிவேடு, வன்னிப் பகுதியின் லெயிஷ்மேனியாசிஸ் புண்களின் ஒட்டுண்ணி மாதிரிச் சேமிப்பு, கரப்பனுக்கும் படர்தாமரைக்கும் தரப்படும் சித்த எண்ணெய்களின் முறையான ஒப்பீட்டுச் சோதனை. கொடையாளர் பெயர் பொறித்த கல் எதிலும் இராது. நிதியை எதற்குச் செலவிடுவது என்பதை அவர்கள் தீர்மானிக்காமல், பீடத்தின் ஒழுக்க நெறி மீளாய்வுக் குழுவின் அனுமதிக்கு உட்பட்ட ஆய்வாளர் சபையொன்று தீர்மானிக்க வேண்டும். ஆண்டறிக்கையில் எதிர்மறை முடிவுகளும் அச்சாக வேண்டும். முதல் ஐந்தாண்டுகளில் காட்டுவதற்கு எதுவும் இல்லாமல் போகலாம் என்பதை அறக்கட்டளைச் சாசனத்திலேயே எழுதிவிடுவது நல்லது.