தைனமோவும் இயங்குதளமும்

வரலாறு என்பது முடிவேந்தரின் போர்க்களங்களை மட்டும் கூறுவதன்று. பற்றாக்குறையை எளிய மக்கள் எவ்வாறு பங்கிட்டு வாழ்ந்தனர் என்பதும் வரலாறே. அவ்வகையில் உரும்பிராய் போன்ற செம்மண் ஊர்களின் மின்சாரக் கதை ஆராயத்தக்கதாகும்.

1990ஆம் ஆண்டு மீண்டும் மூண்ட போரினால் யாழ்ப்பாணக் குடாநாடு மின்சாரத்தை இழந்தது. பொருளாதாரத் தடையினால் மின்கலங்கள் கிடைத்தில, மண்ணெண்ணெயும் அரிதாயிற்று. மாணவர் ஜாம் போத்தல் விளக்கிற் படித்தனர். செய்தி கேட்பதற்கோ ஒருவர் துவிச்சக்கரவண்டியை மிதிக்க, அதன் தைனமோ வானொலியை இயக்கிற்று. பொதுவாக அத்தைனமோ 6 வோல்ற்று, 3 உவாற்று வலுவுடையது. அஃதாவது ஏறத்தாழ 500 மில்லி அம்பியர் ஓட்டம் தருவது. அது தரும் ஆடலோட்டத்தை இருவாயிகள் கொண்டு நேரோட்டமாக்கினர். மிதிப்பவர் கால் தளரின் வானொலியின் குரலுந் தளரும். எவ்வளவு மின் எடுக்கலாம் என்பதைக் காலும் காதுமே தீர்மானித்தன.

1996ஆம் ஆண்டு வெளிவந்த யூ.எஸ்.பி. நியமமும் இதே வினாவையே எதிர்கொண்டது. அதன் உச்ச ஓட்டமும் 5 வோல்ற்றில் 500 மில்லி அம்பியரே என்பது ஈண்டு நோக்கத்தக்கது. பொருத்தப்பட்ட கருவி முதலில் 100 மில்லி அம்பியருக்கு மேல் எடுத்தலாகாது. தனக்கு வேண்டிய உச்ச அளவை அது கணினிக்கு அறிவித்தல் வேண்டும். லினக்ஸ் இயங்குதளத்தின் கருப்பகுதி, கிடைக்கும் மின்னோடு அதனை ஒப்பிட்டு, மிகுமாயின் அவ்வமைப்பை ஏற்க மறுக்கும். சாரதி நிரல் இடந்தரின், வேலையற்ற கருவியை உறங்கவும் வைக்கும். எத்தனை வினாடிகளின் பின் என்பதை நிருவாகி வகுக்கலாம்.

எனினும் ஒரு வேறுபாடுண்டு. கருவியின் அறிவிப்பு வெறும் வாக்கே. ஓட்டத்தை அளந்து தடுக்கும் ஏற்பாடு இல்லாவிடத்துப் பொய்கூறும் கருவி மிகுதியாக எடுத்துவிடும். தைனமோவிலோ பொய்க்கு இடமில்லை. மிகுதியாக எடுத்தால் மிதிப்பவர் கால் உடனே உணரும்.

கணினியின் விதிகள் மில்லி அம்பியர் வரை ஏட்டில் உள்ளன. நம்மூரார் கண்ட நுட்பமோ பெரிதும் நினைவிலேயே வாழ்கின்றது. 2013ஆம் ஆண்டு தேசிய மின்வலையமைப்பு சுன்னாகத்தை மீண்டும் அடைந்தது. அன்று மிதித்த கால்கள் முதுமையடைகின்றன. அவர்தம் வாய்மொழியைத் தொகுத்து எழுதுதல், வரலாறு பயிலும் நம்மனோர் கடனாகும். ஆவணமற்ற அறிவு, அதனை உடையாரோடு மறைந்துவிடும்.