தபால் வண்டி ஓட்டியவர்கள்

தபால் என்றதும் தபால்காரர்தான் நம் நினைவுக்கு வருவார். வண்டி ஓட்டியவரை யாருக்குத் தெரியும்?

முதலில் மணி கட்டிய ஈட்டியோடு ரன்னர்கள் ஓடினார்கள். பிறகு ரயில் வந்தது. 1907ல் ரயில்வே தபால் சேவை என்ற பெயரும் வந்தது. ஆனால் எங்கள் ஆரணிக்குள் ரயில் கிடையாது, ஆரணி ரோடு ஸ்டேஷன் இருப்பது களம்பூரில்! அங்கிருந்து தபால் பைகள் ஊருக்குள் வர சாலைதான் வழி.

1877ல் வி.பி.பி. முறை வந்தது. பார்சலை வாங்குபவர் தபால்காரரிடம் கட்டும் பணம், அனுப்பியவருக்கு மணியார்டராக வரும். வெளியூருக்குப் பட்டுச்சேலை விற்கும் ஊருக்கு இது பெரிய விஷயம் இல்லையா?

அரக்கு முத்திரை வைத்த பைக்குள் என்ன இருக்கிறது என்று டிரைவருக்குத் தெரியாது. முத்திரை உடையாமல் நேரத்துக்குக் கொண்டுசேர்க்க வேண்டும், அவ்வளவுதான். வண்டி தாமதமானால் சேலையும் தாமதம், அதற்கான பணமும் தாமதம்.

அடுத்தமுறை சிவப்பு வண்டியைப் பார்த்தால் டிரைவர் முகத்தையும் கொஞ்சம் பாருங்கள் நண்பர்களே!