விண்டோஸ் சொன்ன பொய்

1995, ஆகஸ்ட் 24. விண்டோஸ் 95 விற்பனைக்கு வந்த நாள். அமெரிக்காவில் நள்ளிரவிலேயே கடை வாசலில் க்யூ. அடித்துப் பிடித்து வாங்கியவர்களுக்கு ஒரு சங்கதி தெரியாது. அந்தப் புது விண்டோஸ், பழைய புரோகிராம்களிடம் கூசாமல் பொய் சொல்லிக்கொண்டிருந்தது!

என்ன பொய்? வயசு விஷயத்தில்தான்.

விண்டோஸ் 95-ன் நிஜமான எண் 4.0. அதற்கு முந்தையது 3.10. பழைய புரோகிராம்கள் பலவும் கிளம்பும்போதே, 'நீ எத்தனையாவது விண்டோஸ்?' என்று கேட்கும். 3.10 அல்லது அதற்கு மேல் என்றால்தான் ஓடும். நியாயம்தான். ஆனால், பார்த்த விதத்தில் கோளாறு. புள்ளிக்கு முன்னால் குறைந்தது 3 இருக்கிறதா? புள்ளிக்குப் பின்னால் குறைந்தது 10 இருக்கிறதா? இரண்டையும் தனித்தனியே பார்த்தன. 4.0-ல் புள்ளிக்குப் பின்னால் வெறும் பூஜ்யம். 'போ, நீ ரொம்பப் பழசு!' என்று திருப்பி அனுப்பிவிடும்.

எனவே விண்டோஸ் 95, 'என் எண் 3.95' என்றது. பிரச்னை தீர்ந்தது.

தப்பு புரோகிராம் எழுதினவருடையது. மைக்ரோசாஃப்ட் ஏன் மெனக்கெட வேண்டும்? உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். நேற்றுவரை ஓடிய புரோகிராம், விண்டோஸை மாற்றியதும் படுத்துவிட்டது. யாரைத் திட்டுவீர்கள்?

அந்தத் திட்டுக்கு பயந்துதான் அத்தனை பாடும். விண்டோஸ் 95 குழுவின் மேலாளர் ஒரு கடைக்குத் தன் வண்டியை ஓட்டிப்போய், அங்கிருந்த புரோகிராம்களில் ஒவ்வொன்றிலும் ஒரு பிரதி அள்ளி வந்து ஊழியர்களிடம் சோதிக்கக் கொடுத்தாராம். அங்கே வேலை பார்த்த ரேமண்ட் சென் எழுதியிருக்கிறார்.

சிம்சிட்டி என்கிற விளையாட்டின் கதை இன்னும் விசேஷம். வீட்டைக் காலி செய்து சாவியும் கொடுத்துவிட்டு, பரண்மேல் விட்ட சாமானை எடுக்கத் திரும்பி வருகிற குடித்தனக்காரர் மாதிரி, கைவிட்ட மெமரியையே அது மறுபடி படித்தது. பழைய விண்டோஸில் அந்த வீடு காலியாகவே கிடந்ததால் வம்பில்லை. புது விண்டோஸில் அதற்குள் வேறு ஆள் குடிவந்திருப்பார்! கடைசியில், ஓடுவது சிம்சிட்டி என்றால் மட்டும் வீட்டைக் கொஞ்சம் காலியாகவே வைத்திருக்கும்படி விண்டோஸுக்குள்ளேயே எழுதிவைத்தார்கள்.

2007-ல் விஸ்டா வந்தபோது இந்தச் சாமர்த்தியம் போதவில்லை. மைக்ரோசாஃப்டின் முன்னாள் தலைவர், இயக்குநர் ஜான் ஷெர்லி வீட்டு பிரிண்டருக்கும் ஸ்கேனருக்குமே விஸ்டாவுக்கான டிரைவர் இல்லை. அவர் அனுப்பிய புலம்பல் மெயில், ஒரு வழக்கின் புண்ணியத்தில் 2008-ல் ஊருக்கே தெரிந்தது.

இதில் உங்களுக்கு ஒரு பாடம் இருக்கிறது. அப்கிரேட் செய்த பிறகு பழைய புரோகிராம் முரண்டு பிடிக்கிறதா? அதன்மேல் ரைட் கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸில் கம்பாட்டிபிலிட்டி பகுதிக்குப் போய், பழைய விண்டோஸ் ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். அதே பழைய பொய்தான். பல சமயம் பலிக்கும். பிரிண்டரிடம் மட்டும் பலிக்காது. அதற்குப் புது டிரைவர்தான் வேண்டும். கிடைக்கிறதா என்று அப்கிரேடுக்கு முன்னாலேயே பார்த்துவிடுங்கள். ஷெர்லிக்கே கிடைக்கவில்லை!