ஏலமலை ஜீப்பும் கமான் பட்டறையும்

ஏலமலைச் சரிவில் ஓடும் பழைய ஜீப்பில் அதிகம் அடிவாங்குவது எஃகுப் பட்டைகளை அடுக்கிய பின்பக்கக் கமான் கட்டும் அதனோடு சேர்ந்த ஷாக் அப்சார்பரும்தான். சிலமலை, போடிநாயக்கனூர், தேவாரம் வட்டாரத் தொழிலாளர்கள் விடியுமுன் ஜீப்பேறி இடுக்கி மாவட்டத் தோட்டங்களுக்குப் போகிறார்கள். எதிரெதிர் பெஞ்சில் நெருக்கியடித்து உட்காரும் ஆட்கள், திரும்பும்போது ஏற்றும் பச்சை ஏலக்காய் மூட்டை என எல்லாப் பாரமும் பின் அச்சின் மேல்தான் இறங்குகிறது. போடிமெட்டு மலைப்பாதை ஏற்றத்தில் வண்டியின் எடை இன்னும் பின்னால் சாய்கிறது.

ஜீப் வருமுன் இந்தச் சுமையைத் தலையும் பொதிமாடும் கழுதையும் தாங்கின. தேயிலைக்கு மட்டும் வேறு வழி கிடைத்தது. மூணாறு பக்கம் 1902-இல் வந்த ஒற்றைத் தண்டவாளம் 1908-இல் குறுகிய ரயில்பாதையானது. அது டாப் ஸ்டேஷனில் சேர்த்த பெட்டிகள் கம்பிவடத்தில் தொங்கிக் குரங்கணிக்கு இறங்கி, அங்கிருந்து போடிக்கு வந்தன. 1924 பெருவெள்ளம் அந்த ரயில்பாதையை அழித்தது. 1928-இல் மதுரை ரயில் போடியைத் தொட்டது. ஆனால் ஏலம் நிழல்மரக் காட்டுக்குள் விளைவது. வேரும் பாறையும் நிறைந்த அந்தத் தடங்களுக்குள் தண்டவாளமோ வடமோ போகவில்லை.

அந்த இடைவெளியை ஜீப் நிரப்பியது. இரண்டாம் உலகப் போருக்காக 1941-இல் உருவான வில்லீஸ் ஜீப்பை, 1940-களின் இறுதியில் மகிந்திரா நிறுவனம் பம்பாயில் பாகம் பூட்டி உருவாக்கத் தொடங்கியது. பின்னால் கமாண்டர், மேஜர் என்று பெயர்கள் மாறினாலும் பின்பக்கத்தில் கமான் பட்டைகளே நீடித்தன. 2010-இல் வந்த ‘தார்’ மாடலிலும் அதே ஏற்பாடுதான். 2020 தாரில்தான் பின்பக்கம் சுருள்வில்லுக்கு மாறியது.

பாரத்தைச் சுமப்பது கமான். துள்ளலை அடக்குவது ஷாக். ஷாக்கின் குழலுக்குள் பிஸ்டன் நகரும்போது எண்ணெய் சிறு துளைகள் வழியே நெருக்கிப் புகுகிறது. அந்த எதிர்ப்பில் துள்ளலின் வேகம் சூடாகக் கரைகிறது. கற்பாதையில் ஓயாமல் அடிபட்டால் எண்ணெய் சூடேறி நுரைக்கும், சீல் தேயும், கசிவு தொடங்கும். குழலின் வெளியே எண்ணெயோடு புழுதி அப்பியிருப்பதே முதல் அறிகுறி. பின்மூலையை அமுக்கி விட்டால் வண்டி ஒருமுறை எழுந்து அமர வேண்டும். மீண்டும் மீண்டும் ஆடினால் ஷாக் போய்விட்டது என்று பொருள்.

கமான் பட்டறையின் வேலை வேறு. தொய்ந்த பட்டைகளைக் கழற்றி, உலையில் காய்ச்சி, வளைவைத் திரும்ப அடித்து, எண்ணெயில் தோய்த்துப் பதம் ஏற்றுகிறார்கள். ஒடிந்த பட்டைக்குப் புதுப்பட்டை சேர்த்து, நடு போல்ட்டை முறுக்கி, யு போல்ட்டால் அச்சோடு இறுக்குகிறார்கள். பதம் மிஞ்சினால் பட்டை ஒடியும், குறைந்தால் மறுபடி தொய்யும். நெருப்பின் நிறத்தைக் கண்ணால் அளக்கும் இந்தக் கைத்திறன் மதிக்கத்தக்கது. அதிகப் பாரத்துக்காகக் கூடுதல் பட்டை செருகுவது மட்டும் தவறான வைத்தியம். கமான் விறைத்துப்போக, அதிர்ச்சி முழுவதும் சேஸுக்கும் ஷாக் மாட்டும் கொண்டிக்கும் போகிறது.

கமானைச் செப்பனிடலாம், ஆனால் மூடிய குழல் கொண்ட ஷாக்கை மாற்றுவதே சரி, அதுவும் இருபக்கமும் சேர்த்து, ரப்பர் புஷ்ஷோடு. தேய்ந்த ஷாக் வெறும் உடல்வலிக்குக் காரணமல்ல: கொண்டையூசி வளைவில் துள்ளும் சக்கரம் தரையை விட்டு எழும்பும் நேரத்தில் பிரேக்குக்குப் பிடிமானம் இருக்காது. ஆளேற்றும் வண்டியில் ஷாக் மாற்றுவதைத் தள்ளிப்போடக் கூடாது.