பழவேற்காடு: கல்லறையும் கிதாபும்

திருவள்ளூர் மாவட்டத்தின் பொன்னேரி வட்டத்தில், கடலுக்கும் ஏரிக்கும் அருகே அமைந்த பழவேற்காடு, பல நாட்டாரும் வந்து கூடிய பழந்துறைமுகம். பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் வந்தனர். பின்வந்த ஒல்லாந்தர் 1613ஆம் ஆண்டில் கெல்திரியாக் கோட்டையை எழுப்பினர். 1690இல் தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றும்வரை, சோழமண்டலக் கரை வாணிபத்தை இங்கிருந்தே நடத்தினர். இவ்விரு சாராருக்கும் முன்னரே இத்துறையில் முஸ்லிம் வணிகர் வாழ்ந்திருந்தனர். தம் முன்னோர் அரபகத்திலிருந்து மரக்கலமேறி வந்தவர் என்பது இவ்வூர் முஸ்லிம்களிடையே வழிவழியாக வழங்கிவரும் செய்தி.

கோட்டை இன்று புதர் மண்டிய மேடு. ஒல்லாந்தர் கல்லறைத் தோட்டமோ இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. அதன் வாயிலில் எலும்புக்கூட்டுச் சிற்பங்கள் நிற்கின்றன. உள்ளே கற்பலகைகளில் பெயரும் ஆண்டும் பொறிக்கப்பட்டுள்ளன. எழுத்து இருந்தது, அதைப் படிக்க ஆள் இருந்தது. ஆகவே அது காக்கப்பட்டது. இதில் நமக்கு மனக்குறை ஏதுமில்லை. அடங்கியோரின் கல்லறையை மதிப்பது எச்சமயத்தாருக்கும் அழகே.

ஆனால், ஓர் ஊரின் மரபு கல்லறையோடு முடிந்துவிடுகிறதா? மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் தொழுகைக்குச் செல்லும் முஸ்லிம் உடுத்தும் கட்டம் போட்ட கைலிக்கு இன்றும் 'காயின் பெலிக்காட்' என்றே பெயர். பழவேற்காட்டின் பெயர்தான் அவர்கள் நாவில் அவ்வாறு திரிந்தது. அத்துணியை நெய்தவரின் பெயர் எக்கல்லிலும் இல்லை. ஒல்லாந்தர் கப்பல்களில் அடிமைகளாக ஏற்றப்பட்டு இங்கிருந்து பத்தேவியாவுக்குச் சென்ற ஆயிரக்கணக்கானோரின் பெயரும் இல்லை.

மரபு காக்கும் அமைப்புகள் எல்லாச் சமூகத்தாரையும் எவ்வாறு தம்மோடு சேர்த்துக்கொள்வது என்னும் வினாவுக்கு இங்கேதான் விடை தேடவேண்டும். 1958ஆம் ஆண்டின் தொல்சின்னங்கள் சட்டம் 2010இல் திருத்தப்பட்டது. அதன்படி, பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் எழுப்பத் தடை. அதற்கப்பால் மேலும் 200 மீட்டர்வரை அனுமதி பெற்றே கட்டவேண்டும். சட்டம் தேவைதான். ஆயினும் அண்டை வீட்டார் 'மரபு' என்னும் சொல்லை முதன்முதலாகக் கேட்பது ஒரு தடையாணையில் என்றால், அவர்களுக்கு அதன்மேல் பற்று எவ்வாறு பிறக்கும்? முதலில் அவர்கள் வாசலுக்குச் சென்று, "நீங்கள் போற்றுவது எது?" என்று கேட்கவேண்டும், அதன் பின்னரே பட்டியல் எழுதவேண்டும். மீனவர் வலையைக் காட்டக்கூடும். பனையோலை முடையும் முஸ்லிம் பெண்கள் தம் கைத்திறனைக் காட்டக்கூடும். 2003ஆம் ஆண்டின் யுனெஸ்கோ உடன்படிக்கையும் இத்தகைய வாழும் மரபுகளைக் காக்க, அவற்றுக்குரிய மக்களின் பங்கேற்பையே வேண்டுகிறது. இந்தியா அதனை 2005இல் ஏற்றது.

நம் சமூகத்தின் செல்வமாகிய அரபுத்தமிழை எடுத்துக்கொள்வோம். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) முதலிய பெருமக்கள் மார்க்க அறிவைத் தமிழ் மக்களுக்கு ஊட்டிய எழுத்து அது. அரபு மட்டும் கற்றவர் அதன் எழுத்தை அறிவார், பொருளை அறியார். தமிழ் மட்டும் கற்றவர் பொருளை அறிவார், எழுத்தை அறியார். இரண்டும் அறிந்தோர் தலைமுறைக்குத் தலைமுறை குறைந்துவருகின்றனர். ஆகவே ஆய்வுக் குழுக்களில் பேராசிரியரோடு ஓர் ஆலிமும் அமரவேண்டும். கிதாபைக் கொண்டுபோய்விடுவார்களோ என்னும் அச்சத்தையும் நீக்கவேண்டும். 2004இல் தொடங்கிய பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்களுக்கான திட்டம் மூலஏடுகளை அந்தந்த நாட்டிலேயே விட்டுவிட்டுப் படியை மட்டும் எடுக்கிறது. அதனினும் ஒரு படி மேலே சென்று, ஏட்டை அது இருக்கும் வீட்டிலேயே வைத்துப் படியெடுக்கலாம்.

அண்டையிலுள்ள கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்கு ஒடிசா, பீகார் முதலிய மாநிலத்தார் பிழைப்புத் தேடி வந்துள்ளனர். ஈழத்தமிழர் முகாமும் நெடுங்காலமாக அங்குண்டு. இவர்களுக்கும் பழவேற்காட்டுக்கும் என்ன தொடர்பு என்று சிலர் கேட்கலாம். இந்தியாவின் மிகப்பெரிய உவர்நீர் ஏரியாகிய சிலிகா ஒடிசாவில் உள்ளது; அதற்கு அடுத்தது பழவேற்காடு ஏரி. சிலிகாக் கரையில் வளர்ந்த ஒரு தொழிலாளி இங்குள்ள படகையும் வலையையும் கண்டால், அவர் அந்நியராக நிற்கமாட்டார். விடுமுறை நாளில் அவரை அழைத்து வர ஒரு பேருந்தும், அவர் மொழியில் ஓர் அறிவிப்புப் பலகையும் போதுமே! அரபகத்தாரும் ஐரோப்பியரும் வந்திறங்கிய ஊரில் இன்று வந்தோருக்கு இடமில்லை என்பது பொருந்துமா?

கடமை அமைப்புகளுக்கு மட்டும் உரியதன்று, நமக்கும் உண்டு. பழைய கிதாபு கிழிந்துவிட்டால், அதிலுள்ள திருவசனங்களின் கண்ணியம் கருதி, அதனைக் கிணற்றிலோ ஆற்றிலோ விடும் வழக்கம் நம்மிடையே உண்டு. நல்லெண்ணத்தால் செய்வதே அது. ஆயினும், அதற்குமுன் படிக்கத் தெரிந்த ஒருவரிடம் ஒருமுறை காட்டுங்கள். ஒவ்வொரு ஜமாஅத்தும் தன் பழைய பதிவேடுகளையும் வீடுகளிலுள்ள ஏடுகளையும் கணக்கெடுக்கட்டும்; மதரஸாவில் வாரம் ஒரு மணி நேரம் அரபுத்தமிழ் வாசிப்பு நடக்கட்டும். நம் கையில் என்ன இருக்கிறது என்பதை நாமே அறியாதவரை, பிறர் அதைக் காக்கவில்லையே என்று வருந்துவதில் பயனில்லை.